மரவள்ளியின் கசப்பும் விளைச்சலும்

மரவள்ளிக்கிழங்கு அவிக்கும் பானையை மூடலாகாது. மரவள்ளி உண்ட வேளையில் இஞ்சி சேர்க்கலாகாது. இவ்விரண்டும் நம் நாட்டு அடுக்களைகளில் வழிவழியாக வழங்கிவரும் விதிகள். முன்னையதற்கு இரசாயன நூல் சான்று பகர்கின்றது. பின்னையதைப் பற்றிப் பலரும் பலவாறு கூறுவர். எனினும் நஞ்சு இஞ்சியிலிருந்து வருவதன்று, கிழங்கினுள்ளேயே உறைவது என்பதில் ஐயமில்லை. 1786ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மொரீசியசுத் தீவிலிருந்து இங்கு கொணர்ந்ததாகக் கூறப்படும் இச்செடி, அரிசியும் கோதுமை மாவும் அரிதாகிய காலங்களில், சிறப்பாக 1970களில், நம்மவர் பலரின் பசியைத் தணித்தது. ஒடியற்கூழில் அதற்கு இன்றும் ஓரிடம் உண்டு. இத்துணை நெருங்கிப் பழகிய ஓர் உணவிலுள்ள நஞ்சை விஞ்ஞானிகள் ஏன் இன்னும் முற்றாக நீக்கவில்லை என்று நேயர்கள் வினவக்கூடும். நெற்பயிரின் தாளைக் குட்டையாக்கி விளைச்சலைப் பெருக்கியவர்களுக்கு ஒரு கிழங்கின் கசப்பைப் போக்குவது அத்துணை அரிதா?

அரிதே. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அந்நஞ்சின் இயல்பை நோக்குவோம்.

மரவள்ளியில் நஞ்சு நஞ்சாகவே கிடப்பதில்லை. லினமரின் என்னும் பொருளொன்று, வெல்லத்தோடு பிணைந்த நிலையில், செடியின் கலங்களினுள்ளே தங்கியிருக்கின்றது. அதனைச் சிதைக்கவல்ல நொதியம் கலத்தின் சுவர்ப்புறத்தே வேறாக இருக்கின்றது. கிழங்கு முழுதாக உள்ளவரை இரண்டும் சந்திப்பதில்லை. பன்றி கடித்தாலும், கத்தி வெட்டினாலும், துருவுபலகை துருவினாலும் கலங்கள் உடைகின்றன. நொதியம் லினமரினைச் சந்திக்கின்றது. ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகின்றது. இந்நஞ்சு ஏறத்தாழ 26 பாகை செல்சியசு வெப்பத்திலேயே கொதித்து ஆவியாவது. ஆதலினாலேதான் பானையைத் திறந்து வைக்கும்படி முன்னோர் சொன்னார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெருந்துண்டங்களைக் கொதிநீரில் இட்டால் வெப்பத்தால் நொதியம் விரைவில் அழிந்துவிடும். சிதையாத லினமரினோ கிழங்கிலேயே எஞ்சிவிடும். தோலை நன்கு நீக்கி, சிறு துண்டங்களாக வெட்டி, நிறைந்த தண்ணீரில் இட்டு, அவித்த நீரை வடித்து ஊற்றிவிடுவதே தக்க முறை. சதையைக் காட்டிலும் தோலிலேயே நஞ்சு மிகுதி.

இனிப்பு மரவள்ளி, கசப்பு மரவள்ளி என இரு வகையாகப் பிரித்துக் கூறுவது வழக்கம். பச்சைக் கிழங்கு ஒரு கிலோகிராமில் 50 மில்லிகிராமுக்குக் குறைந்த சயனைட்டைத் தருவதை இனிப்பு வகையெனச் சர்வதேச உணவு நியமங்கள் கொள்கின்றன. கசப்பு வகைகளில் இவ்வளவு பல நூறு மில்லிகிராம் வரை உயரும். எனினும் இப்பிரிவு கல்லில் வெட்டிய எழுத்தன்று. ஒரே இனம் ஓரிடத்தில் இனிப்பாகவும் வேறோரிடத்தில் கசப்பாகவும் விளையும். மழை பொய்த்த ஆண்டில் நஞ்சின் அளவு பன்மடங்காகும். ஒரே செடியின் இரு கிழங்குகள்கூட அளவில் வேறுபடும். ஒரு துளியும் நஞ்சின்றி இயற்கையாக விளையும் மரவள்ளி இனம் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

இதனால் விளையும் கேட்டை ஆபிரிக்காவில் காணலாம். 1938ஆம் ஆண்டில், அந்நாளைய பெல்ஜியக் கொங்கோவின் குவாங்கோப் பகுதியில் பரவியிருந்த ஒரு விந்தையான நோயைத் துரோலி என்னும் இத்தாலிய மருத்துவர் விவரித்து எழுதினார். நேற்று வரை நடந்து திரிந்த சிறுவரும் பெண்களும் ஒருநாள் திடீரெனக் கால்கள் விறைத்து நடக்க இயலாதவராயினர். அவ்வூரார் இதனைக் கொன்சோ என்றனர். கட்டுண்ட கால்கள் என்பது அதன் பொருள். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் நீங்காத நோய் அது. 1981ஆம் ஆண்டில் மொசாம்பிக்கு நாட்டின் வடபகுதியிலுள்ள நம்புலா மாகாணத்தில் கடும் வரட்சியின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு இலக்காயினர். அங்கு அரச மருத்துவராகப் பணியாற்றிய ஹான்சு றொஸ்லிங்கும் அவருடைய சகாக்களும் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தபோது உண்மை தெளிவாயிற்று. வரட்சியில் ஏனைய பயிர்கள் கருகின. கசப்பு மரவள்ளி மட்டுமே எஞ்சியது. அதன் நஞ்சும் ஏறியிருந்தது. பசி மிகுந்த மக்கள் வழக்கம்போல் பல நாட் பதப்படுத்தப் பொறுத்திராது, அரைகுறையாய் உலர்ந்த கிழங்கை இடித்து மாவாக்கி உண்டனர். உடலிற் புகுந்த சயனைட்டைத் தீங்கற்றதாக மாற்ற நம் உடலுக்குக் கந்தகங் கொண்ட அமினோ அமிலங்கள் வேண்டும். மீனும் பயறும் உண்பவர்க்கு அவை கிடைக்கின்றன. மரவள்ளி ஒன்றையே நம்பியவர்க்கு அவை கிடைக்கவில்லை. அதனால்தான் அந்நோய் நகரத்தாரையும் கடற்கரை மீனவரையும் பெரும்பாலும் விட்டுவிட்டு, உள்நாட்டு ஏழை உழவர் குடும்பங்களையே தேடிப் பிடித்தது.

அவ்வாறாயின் அந்த உழவர்கள் கசப்பு மரவள்ளியைக் கைவிட்டு இனிப்பை நடவேண்டியதுதானே? இது ஆராய்ச்சி நிலையங்களில் இருந்தோரும் நெடுங்காலம் கேட்ட கேள்வி. உழவரின் அறியாமையே காரணம் என்று சிலர் முடிவு கட்டியதும் உண்டு. அம்முடிவு பிழையானது. மலாவி நாட்டின் வடபகுதியில், வாவிக் கரையோரத்தில், மரவள்ளி பயிரிடும் பெண்களை ஆராய்ச்சியாளர் உசாவியபோது, கசப்பு வகையை அறிந்தே தேர்ந்தோம் என்று அவர்கள் கூறினார்கள். காட்டுப்பன்றியும் குரங்கும் இனிப்புக் கிழங்கைத் தோண்டித் தின்றுவிடும். விலங்கினும் கொடியவன் திருடன். பச்சையாகவே கடித்துத் தின்னக்கூடிய கிழங்கை அவன் இரவோடிரவாகப் பிடுங்கிச் செல்வான். கசப்புக் கிழங்கையோ பல நாள் ஊறவைத்துப் பதப்படுத்தாமல் உண்ண இயலாது. ஆகவே அதனைத் திருடுவோர் குறைவு. ஆணின் துணையின்றிக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்குக் கசப்பே வேலி. அமேசன் காட்டின் வடமேற்கே வாழும் துக்கானோ மக்களும் பெரும்பாலும் கசப்பு வகைகளையே பயிரிடுகின்றனர். அங்கு நடத்திய ஒப்பீட்டில் கசப்பு வகைகளே இனிப்பைவிட மிகுதியாக விளைந்தமையும் தெரியவந்தது. நஞ்சு குறைந்த இனத்தை ஆக்குவோர், நஞ்சு இதுகாறும் செய்துவந்த காவற்பணியை இனி எது செய்யும் என்பதற்கும் விடை கூற வேண்டியவராகின்றனர்.

இனவிருத்தி செய்வோரின் வேலையை நோக்குவோம். மரவள்ளியைத் தடியிலிருந்தே நாம் பயிரிடுகின்றோம். ஆதலின் தாயும் சேயும் ஒன்றே. புதிய இனம் வேண்டுமாயின் பூவிலிருந்து விதை பெற வேண்டும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் வெவ்வேறாக இருக்கும். பெண் பூ முதலில் மலர்ந்துவிடும். ஆராய்ச்சியாளன் ஓர் இனத்தின் மகரந்தத்தை எடுத்து மற்றோர் இனத்தின் பெண் பூவில் தடவி, துணிப்பையால் மூடிவைக்கின்றான். ஒரு காயில் மூன்று விதைகளுக்கு மேல் இரா. நல்ல இனங்கள் சில பூக்கவே மறுக்கும். கிடைத்த விதைகளும் ஒன்றைப்போல் ஒன்று முளைப்பதில்லை. ஒரே காயின் மூன்று விதைகளும் மூன்று தனிச் செடிகள். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, தேறியவற்றைத் தடியாக வெட்டி நட்டு, மறுபடி தேர்ந்து, பல இடங்களிற் பல ஆண்டுகள் சோதித்து, முடிவில் ஓரிரண்டையே உழவர் கையிற் கொடுக்க முடியும். இதற்குப் பெரும்பாலும் எட்டு அல்லது பத்து ஆண்டுகள் செல்லும்.

நஞ்சைச் சோதிப்பதற்கு எளிய கருவி பிக்கிரேற்றுத் தாள். நசுக்கிய கிழங்குத் துண்டோடு இம்மஞ்சள் தாளை ஒரு சீசாவில் இட்டு மூடிவைத்தால், சயனைட்டின் அளவுக்கேற்பத் தாள் செம்மை கலந்த கபிலமாக மாறும். தொடக்கத்தில் இளஞ்செடியின் இலையையே சோதித்துப் பலர் காலத்தை மீதப்படுத்த முயன்றனர். இலையின் நஞ்சு குறைந்தால் கிழங்கின் நஞ்சும் குறையும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் இரண்டுக்குமுள்ள தொடர்பு உறுதியற்றது. லினமரினின் பெரும்பங்கு இலையில் உண்டாகிக் கிழங்குக்கு இறங்குகின்றது. எவ்வளவு இறங்கும் என்பதை இலை சொல்வதில்லை. ஆகவே கிழங்கு முற்றும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

நஞ்சோடு மற்றொரு பகையும் உண்டு. இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் படர்ந்து, சுருங்கித் திருகிப்போகும் நோயை 1894ஆம் ஆண்டிலேயே கிழக்கு ஆபிரிக்காவிற் கண்டு எழுதியுள்ளனர். மரவள்ளித் தேமல் நோய் எனப்படும் இதனை வெண்ணிற ஈ ஒன்று பரப்புகின்றது. நோயுற்ற தடியை நட்டாலும் பரவுகின்றது. 1930களில் தங்கனிக்காவின் மலைப்பகுதியிலுள்ள அமானி ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டோறி என்பவரும் அவரைத் தொடர்ந்து நிக்கல்சு என்பவரும் இதற்கு மாற்றுத் தேடினர். மரவள்ளி இனங்களிற் போதிய எதிர்ப்புக் கிட்டாமையால் அதன் உறவினமான சியாரா இறப்பர் மரத்தை நாடினர். இறப்பர்ப் பாலுக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிலும் நட்டுப் பார்க்கப்பட்ட மரந்தான் இது. மரத்தையும் கிழங்குச் செடியையும் கலந்தபோது பிறந்தவை நோயை எதிர்த்தன. வேரோ விறகாக இருந்தது. அவற்றை மரவள்ளியோடு மீண்டும் மீண்டும் மும்முறை கலந்த பின்னரே உண்ணத்தக்க கிழங்கு மீண்டது. நிக்கல்சுக்குப் பின் ஜெனிங்சு என்பவர் அப்பணியைத் தொடர்ந்தார்.

அமானியின் விதைகள் 1950களில் நைஜீரியாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கு தேர்ந்தெடுத்த ஒரு செடி, 58308 என்ற எண்ணை மட்டுமே பெயராகக் கொண்டு, தோட்டத்தின் ஒரு மூலையிற் கிடந்தது. 1967ஆம் ஆண்டில் இபாதான் நகரில் வெப்பவலய விவசாயத்துக்கான சர்வதேச நிறுவனம் அமைந்தது. 1971ஆம் ஆண்டில் அங்கு வந்துசேர்ந்த சாங் கி ஹான் என்னும் கொரிய விஞ்ஞானி அந்த 58308 என்பதையே முதலாக வைத்துக் கலப்பினங்களை ஆக்கினார். 1970களின் இறுதியில் வெளிவந்த இனங்கள் தேமல் நோயையும் பற்றீரியா வாடல் நோயையும் தாங்கின. ஆபிரிக்க உழவர் வயல்களில் ஒரு ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 10 தொன் விளைந்த காலத்தில், சோதனை நிலங்களில் 20 தொன்னுக்கு மேல் விளைந்தன. அயலூராகிய இகிரே மக்கள் ஹானுக்கு உழவர் தலைவர் என்ற பட்டம் சூட்டினர். கலப்பினங்கள் பரவியதும் அடங்க, நைஜீரியா பிறேசிலை விஞ்சி உலகில் மிகுதியாக மரவள்ளி விளைக்கும் நாடாயிற்று. அமானியில் இறப்பர் மரத்தோடு செய்த கலப்பு, அதைத் தொடங்கியவர் எண்ணிப்பாராத இடத்தில் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பலன் தந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோர் ஐந்தாண்டுக் கணக்குக் கேட்கும் வழக்கத்தை எண்ணுகையில் இக்கதை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

எனினும் அவ்வினங்களுட் சில கசப்பினவே. நைஜீரியாவில் அது பெருந்தடையாகவில்லை. அங்கு மரவள்ளியைத் துருவி, சாக்கிலிட்டுப் பாரமேற்றிப் புளிக்க வைத்து, நீரைப் பிழிந்து, பின் சட்டியில் வறுத்துக் காரி என்னும் உணவாக்குகின்றனர். துருவுதலில் கலங்கள் அனைத்தும் உடைவதால் நொதியமும் லினமரினும் முற்றக் கலக்கின்றன. வெளிப்பட்ட நஞ்சு பிழிநீரோடும் ஆவியோடும் பெரும்பாலும் அகன்றுவிடுகின்றது. வெயிலில் முழுக் கிழங்கை உலர்த்தும் மொசாம்பிக்கு முறையில் இவ்வாறு நிகழ்வதில்லை. ஆதலின் ஓர் இனம் பாதுகாப்பானதா என்ற வினாவுக்கு வயலில் மட்டும் விடை கிடையாது. அதனை எவ்வாறு உண்பர் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தாய்லாந்தை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். அங்கு 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கசெற்சாற் 50 என்னும் இனம் மாப்பொருள் மிகுந்தது, விளைச்சல் மிகுந்தது, கசப்பும் மிகுந்தது. தாய்லாந்தில் விளையும் மரவள்ளியிற் பெரும்பகுதி ஆலைகளுக்கே செல்கின்றது. அரைத்துக் கழுவி மாப்பொருள் பிரிக்கும்போது நஞ்சு நீரோடு போய்விடுகின்றது. அவ்வினம் வியட்நாமுக்கும் சென்று, இரு நாடுகளிலுமாகப் பத்து இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்திற் பரவியது. ஆலைக்கு ஏற்ற அதனை நம்புலாவில் நட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

நம் அயலிலும் இவ்வேறுபாடு உண்டு. திருவிதாங்கூரில் மரவள்ளியைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராசா. அவர் பெயரைத் தாங்கிய சிறீ விசாகம் என்ற இனத்தை, 1963ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த சிறீகாரியத்தில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1977ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதற்கு முன் 1971ஆம் ஆண்டில் அந்நிலையம் வெளியிட்ட எச் 165, எச் 226 ஆகிய கலப்பினங்கள் தமிழகத்துச் சேலம் மாவட்டத்தில் சவ்வரிசி ஆலைகளுக்காகப் பெருமளவிற் பயிராயின. கேரளத்தில் கிழங்கை அவித்து மீன் குழம்போடு உண்போரோ, மலாயாவிலிருந்து வந்த எம் 4 என்னும் பழைய இனத்தின் சுவையை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. உண்பவன் நாவும் ஆலையின் தராசும் ஒன்றையே விரும்புவது அரிது.

அண்மைக் காலத்தில் நஞ்சை அடியோடு நிறுத்தும் முயற்சியும் நடந்துள்ளது. லினமரினை ஆக்கும் முதற்படிக்குப் பொறுப்பான பரம்பரையலகுகள் இரண்டு. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகாயோவில் சிறிதுங்கா, சேயர் என்னும் இருவர் அவற்றின் செயலை அடக்கி, லினமரின் மிகக் குறைந்த செடிகளைப் பெற்றனர். 2020களில் பரம்பரையலகைத் துல்லியமாகத் திருத்தும் புதிய முறையால் அவ்விரண்டையும் முடக்கி, சயனைட்டுக் காணப்படாத செடிகளையும் ஆய்வுகூடங்களில் வளர்த்துள்ளனர். இஃது அரிய வெற்றியே. ஆனாலும் சிறிதுங்காவும் சேயரும் பெற்ற செடிகளின் வேர்கள், அமோனியா இல்லாத ஊடகத்தில் வளர இயலாது தவித்தன. லினமரின் நஞ்சு மட்டுமன்று. செடி தனக்கு வேண்டிய நைதரசனை இலையிலிருந்து வேருக்கு அனுப்பும் பொதியுமாகலாம் என்று இதனாற் கருதப்படுகின்றது. வளமற்ற மண்ணில், எருவிடாத வயலில், பன்றிகளும் பூச்சிகளும் சூழ்ந்த இடத்தில் இச்செடிகள் எவ்வாறு வாழும் என்பதை ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குடுவை சொல்லாது.

அதுவரை நம்புலாவின் மக்கள் காத்திருக்க முடியாதல்லவா? அவுஸ்திரேலிய விஞ்ஞானி ஹவாட் பிறட்பரி ஓர் எளிய வழி கூறினார். மரவள்ளி மாவை நீர்விட்டு நனைத்து, ஒரு பாயில் மெல்லிய படையாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரமோ நிழலில் ஐந்து மணி நேரமோ விட்டுவிட்டால், எஞ்சிய நஞ்சில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். பின் வழக்கம்போல் களி கிண்டி உண்ணலாம். கொன்சோ பரவிய ஊர்களில் இம்முறையைப் பெண்கள் ஏற்றுக்கொண்டபோது புதிய நோயாளிகள் தோன்றவில்லை. இதற்குச் செலவு ஒரு பாய். இனவிருத்தியும் இத்தகைய வீட்டு முறையும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. முன்னையது வருமளவும் பின்னையது உயிர் காக்கும்.

இறுதியாக, நமது நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு கேட்டைக் குறிப்பிடாதிருக்க முடியாது. இலங்கை மரவள்ளித் தேமல் வைரசு என விஞ்ஞானிகள் பெயரிட்ட கிருமி, 2015ஆம் ஆண்டில் கம்போடியாவிற் காணப்பட்டது. 2017இல் வியட்நாமிலும் 2018இல் தாய்லாந்திலும் புகுந்தது. ஆலைகளுக்காகவே ஓரினத்தை எல்லையற்றுப் பரப்பிய நிலங்கள் அவை. தற்போது அங்கு நாடப்படுவது மேற்கு ஆபிரிக்காவின் நாட்டினம் ஒன்றிலிருந்து கிடைத்த எதிர்ப்புத் தன்மை. அதைக் கொண்ட கலப்பினங்கள் வியட்நாமில் உழவர் கைக்கு வரத் தொடங்கியுள்ளன. ஆயினும் ஒரு நெல்மணி ஒரு போகத்தில் நூற்றுக்கணக்கான மணிகளாகும். ஒரு மரவள்ளிச் செடியோ ஓராண்டிற் பத்துத் தடிகள் அளவையே தரும். எத்துணை நல்ல இனமாயினும் ஓர் ஊர் முழுதும் பரவப் பல ஆண்டுகள் ஆவது இதனாலேயே.

நம் நாட்டில் எம்.யூ. 51, கிரிகவடி முதலிய இனங்கள் பயிராகின்றன. அயலவரிடமிருந்து தடி வாங்கி நடுவோர், தடியை வெட்டிய பின் அல்ல, செடி இலையோடு நிற்கும்போதே சென்று பார்த்தல் நலம். இலையில் தேமலோ திருகலோ காணப்படாத செடிகளை அடையாளமிட்டு, முற்றிய தண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளத் தடிகளாக வெட்டிக்கொள்ளலாம். நட்டபின் தேமல் காணும் நாற்றை இளமையிலேயே பிடுங்கி எரித்துவிட வேண்டும். அதன் தடியை அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கலாகாது.